காத்திருக்கும் காய்கள்
எருத்தேன்பதி வட்டாரத்தில் பூசணிக் குடும்பப் பயிர்கள்

எருத்தேன்பதியில் உழவர் ஒருவர் 'அரசாணி' என்று சொல்லி வண்டியில் ஏற்றும் காய், திருச்சூர் அங்காடியை அடையும்போது 'மத்தன்' ஆகிவிடுகிறது. தஞ்சைத் தரணியில் அதுவே பரங்கி; சென்னையில் மஞ்சள் பூசணி. அதே வண்டியில் செல்லும் சாம்பல் பூத்த மற்றொரு காயைக் கொங்கு நாட்டார் பூசணி என்பர். மலையாளத்தில் அது கும்பளம். நெல்லை, குமரி மாவட்டங்களில் தடியங்காய். யாழ்ப்பாணத்தில் நீற்றுப் பூசணி. பெயர்கள் இவ்வாறு மாறிக் கிடப்பது பேச்சு வழக்கின் வளத்தைக் காட்டுவதாயினும், விலைப் பட்டியலும் சாகுபடிப் பரப்புக் கணக்கும் தயாரிக்கும் அலுவலர்களுக்குத் தொல்லையே. 'பூசணி' என்று ஒரு படிவத்தில் எழுதப்பட்டால், இரு வேறு பயிர்களுள் எது குறிக்கப்படுகிறது என்பதை எழுதியவர் எந்த ஊரினர் என்பதைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது.

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கீழ்க்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது எருத்தேன்பதி ஊராட்சி. சித்தூர் வட்டம் 1949 வரை கொச்சி சமஸ்தானத்தின் ஒரு பகுதியாக, அதன் ஏனைய பகுதிகளிலிருந்து தனித்துக் கிடந்தது. இவ்வூராட்சியிலும், அருகிலுள்ள வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை ஊராட்சிகளிலும் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர். நிலமும் கேரளத்தின் பிற பகுதிகளைப் போன்றதன்று. பனைமரங்கள் நிற்கும் சமவெளி. ஆங்காங்கே கரிசல் மண். மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் என்றால், சித்தூரின் கிழக்குப் பகுதி அதில் பாதியைக்கூடப் பெறுவதில்லை. 1970 மே மாதம் கையெழுத்தான பரம்பிக்குளம் – ஆழியாறு உடன்பாட்டின்படி, மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு வந்து சேர வேண்டும். ஆயினும் சித்தூர்ப்புழையின் பழைய பாசனப் பரப்பு பெரிதும் மேற்கே உள்ளது. கிழக்கே உள்ளவர்கள் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பியே வாழ்கின்றனர். மூலத்தறை வலதுகரைக் கால்வாயை வரட்டாறு நோக்கி நீட்டிக்கும் திட்டம் இக்குறையிலிருந்து பிறந்ததே.

நெல்லுக்கு நீர் போதாத நிலத்தில் காய்கறி இடம்பெறுவது இயல்பு. அவற்றுள்ளும் குழிக்குக் குழி இடைவெளிவிட்டு, குழியில் மட்டும் நீர் பாய்ச்சி வளர்க்கக்கூடிய கொடிவகைகள் சிக்கனமானவை. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு அவை எளிதில் இணங்குகின்றன. கேரள வேளாண்மைத் துறையின் விதைப் பண்ணை ஒன்று எருத்தேன்பதியிலேயே இயங்குவது இவ்வட்டாரத்துக்கு மற்றொரு வாய்ப்பு.

குடும்பமும் அதன் கிளைகளும்

பூசணிக் குடும்பத்தில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் அடங்கும். சமையலறைக்கு வருபவை சிலவே. அவையும் வெவ்வேறு கண்டங்களிலிருந்து வந்தவை. அரசாணி அமெரிக்கக் கண்டத்தது. 'பரங்கி' என்ற பெயரே அது அயலார் வழி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. மெக்சிகோவின் வாஹாக்கா பகுதியிலுள்ள ஒரு குகையில் கிடைத்த, அரசாணியின் நெருங்கிய உறவான மற்றோர் இனத்தின் விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழமையானவை என்று தொல்லியலார் கணித்துள்ளனர். அங்கு மக்காச்சோளம் பயிரிடப்படுவதற்கும் முன்பே பூசணி பயிரிடப்பட்டிருக்கிறது. சாம்பல் பூசணியும் புடலையும் ஆசியாவுக்கு உரியவை. சுரை ஆப்பிரிக்காவில் தோன்றி, மிகத் தொன்மைக் காலத்திலேயே உலகெங்கும் பரவிவிட்டது. மலைப்பகுதிகளில் பந்தலேறும் சௌசௌ மீண்டும் மெக்சிகோவினது.

எனவே, அரசாணியும் சாம்பல் பூசணியும் அடுத்தடுத்த வயல்களில் இருந்தால் ஒன்றோடொன்று கலந்து கெட்டுவிடும் என்று சில உழவர் அஞ்சுவதற்கு அடிப்படை இல்லை. அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே இனத்தவை அல்ல. கலப்பு நேர்வது ஒரே இனத்தின் இரு இரகங்களுக்கிடையே. அதுவும் அப்பருவத்துக் காயின் சதையில் தெரிவதில்லை. அதன் விதையை எடுத்து மறுபருவத்தில் ஊன்றும்போதுதான் தெரிகிறது.

தாவரவியலார் மலரையும் விதையையும் கொண்டு இவற்றைப் பிரிப்பர். வேளாண் பொருளியல் நோக்கில் வேறொரு பிரிவினை பயன் மிக்கது. பறித்த பின் காத்திருக்கும் காய்கள் ஒரு வகை. காத்திராதவை மற்றொரு வகை. புடலை, பாகல், பீர்க்கு, கோவை ஆகியவை பிஞ்சு முற்றாத நிலையில் பறிக்கப்படுபவை. இரண்டொரு நாளில் வாடிவிடும் அல்லது பழுத்துவிடும். சௌசௌ சில வாரம் தாங்கும். ஆனால் அதன் ஒற்றை விதை காய்க்குள்ளேயே முளைவிடத் தொடங்கிவிடும். நன்கு முற்றியபின் பறிக்கப்படும் அரசாணியோ, காம்போடு எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதங்கள் கெடாமல் இருக்கும். சாம்பல் பூசணியின் மேல் பூக்கும் வெண்ணிறப் பூச்சு உண்மையில் ஒருவகை மெழுகு. ஈரம் வெளியேறாமலும் பூஞ்சை எளிதில் உட்புகாமலும் தடுக்கும் அப்பூச்சினால் அது இன்னும் நீண்ட காலம் தாங்கும். ஆக்ராவின் 'பேட்டா' இனிப்பும் நம் திருமண விருந்துகளின் காசி அல்வாவும் இக்காயிலிருந்தே செய்யப்படுகின்றன.

காத்திராத காயை விளைவிப்பவர் அன்றைய விலையை ஏற்றே தீர வேண்டும். அவருக்கு ஈடாகக் கிடைப்பது பொதுவாக உயர்ந்த விலையும் நாள்தோறும் கைக்கு வரும் பணமும் ஆகும். காத்திருக்கும் காயின் விலை குறைவு. ஆனால் அது விற்பவருக்குச் சந்தையில் ஒரு பேரம் பேசும் ஆற்றலைத் தருகிறது, குறைந்தபட்சம் தரவேண்டும். எல்லைப்புறச் சிற்றுழவருக்கு அந்த ஆற்றல் உண்மையில் வாய்க்கிறதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இரகமும் குடும்ப அளவும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'கோ 1' பரங்கி 7 முதல் 8 கிலோ எடையுள்ள காய்களைத் தருவது. பயிர்க்காலம் 175 நாட்கள். அடுத்து வந்த 'கோ 2' இரகத்தின் காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. பயிர்க்காலம் 135 நாட்கள். இவ்விரு எண்களுக்கிடையே ஒரு சமூக வரலாறே அடங்கியுள்ளது. கூட்டுக் குடும்பத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் ஏற்ற காய், நால்வர் கொண்ட குடும்பத்துக்குப் பெரிது. கடைக்காரர் அதைக் கீற்றுகளாக வெட்டி விற்கிறார். வெட்டிய காய் அக்கணமே காத்திருக்கும் இயல்பை இழந்துவிடுகிறது. மீந்த கீற்று மறுநாள் கழிவாகிறது. அக்கழிவையும் கணக்கிட்டே வியாபாரி உழவருக்கு விலை சொல்வார் என்பதை நினைவிற் கொண்டால், முழுதாக விற்கக்கூடிய சிறு காயின் சிறப்பு விளங்கும்.

கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'அம்பிளி' தட்டையான உருண்டைக் காய். 'சுவர்ணா', 'சரஸ்' ஆகியவை பின்னர் வந்தவை, செம்மஞ்சள் சதை உடையவை. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் 'அர்கா சந்தன்' இரகமும் இத்தகையதே. சதையின் நிறம் அழகுக்காக மட்டும் கூறப்படுவதன்று. வைட்டமின் 'ஏ'யாக உடலில் மாறும் கரோட்டின் சத்தே அந்நிறத்தைத் தருகிறது. வெளிறிய சதையுள்ள காய்க்கும் ஆழ்ந்த நிறமுள்ள காய்க்கும் இதில் பெரும் வேறுபாடு உண்டு. வைட்டமின் 'ஏ' குறைவினால் ஏற்படும் பார்வையிழப்பைத் தடுக்க நம் நாட்டில் 1970-இல் தேசிய அளவிலான திட்டம் தொடங்கப்பட்டது. சத்துணவுக் கூடங்களில் மலிவாகச் சேர்க்கத்தக்க பொருளாக இக்காய் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தப்படவில்லை எனலாம்.

சாம்பல் பூசணியிலும் இவ்வாறே. 'கோ 2' இரகம் சிறு காய் தருவது. கேரளத்தின் 'இந்து' இரகம் தேமல் நோயைத் தாங்குவது. கோடைக் குளிர்ப் பூசணி எனப்படும் வகைக்கு இமாசலப் பிரதேசத்திலுள்ள கட்ராயின் நிலையம் உருவாக்கிய ஒட்டு இரகத்துக்கு 'பூசா அலங்கார்' என்று பெயர். பெயரில் அலங்காரம் இருப்பினும் அது உண்பதற்கான காய்தான். குளிர்ந்த மலைப்பகுதிகளுக்கே ஏற்றது. எருத்தேன்பதியின் சமவெளியில் அதை முயல்வது வீண் செலவு.

அழகுக்கும் வழிபாட்டுக்கும்

உணவுக்கு அப்பால் இக்காய்களுக்கு ஒரு சந்தை உண்டு. எல்லைப்புற உழவரின் ஆண்டு வருவாயை அது பெரிதும் பாதிக்கிறது. சித்திரைப் பிறப்பையொட்டி வரும் விஷுவன்று மலையாள இல்லங்களில் கணி வைக்கும் உருளியில் பொன்னிறமான கணிவெள்ளரி இடம்பெற வேண்டும். பார்வைக்குப் பூசணி போன்றும் பெயரால் வெள்ளரியாகவும் விளங்கும் இக்காய், தாவரவியற்படி முலாம்பழ இனத்தைச் சேர்ந்தது. தைக் கடைசியிலோ மாசித் தொடக்கத்திலோ விதைத்தால் விஷுவுக்குக் காய் தயாராகிவிடும். விஷுவுக்கு முந்திய நாட்களில் நிறமும் வடிவமும் பார்த்து விலை பேசப்படும். விஷு கழிந்த மறுநாள் அதே காய் வெறும் குழம்புக் காய், விலையும் அதற்கேற்றதே. கணியில் வைக்கப்பட்ட காயும் பின்னர் சமையலுக்கே செல்வதால், அலங்காரத் தேவை முடிந்தவுடன் அது உணவுத் தேவையையும் ஓரளவு குறைத்துவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஓணம் இதனினும் பெரிது. விருந்தில் எரிசேரிக்கு மத்தனும் ஓலனுக்குக் கும்பளமும் வேண்டும். ஆவணியில் காய் கிடைக்க வேண்டுமாயின், 135 நாள் இரகத்தைச் சித்திரைத் தொடக்கத்தில் ஊன்ற வேண்டும். 175 நாள் இரகமோ மாசியிலேயே நிலத்தில் இருந்திருக்க வேண்டும். கிணறுகளில் நீர் மிகத் தாழ்ந்திருக்கும் காலம் அதுவே. ஓண விலையைப் பெறுவதற்காகச் செலவிடப்படும் நீர் கோடையின் நீர். எனவே இரகத்தைத் தேர்ந்தெடுப்பது இங்கு ருசியையோ விளைச்சலையோ மட்டும் பொறுத்ததன்று. 40 நாள் குறைவு என்பது அத்தனை நாட்களின் கோடைப் பாசனம் மிச்சம் என்று பொருள்படும்.

தமிழ்நாட்டில் ஆயுத பூசையின்போது திருஷ்டி கழிக்கச் சாம்பல் பூசணி உடைக்கப்படுகிறது. புதுக் கட்டடங்களின் முன் முகம் வரைந்து தொங்கவிடப்படுகிறது. உண்ணப்படாமலே உடைந்து போகும் காய்களால் வாகனங்கள் சறுக்குவதைக் காவல் துறையினர் ஆண்டுதோறும் எச்சரிக்கின்றனர், தேவை குறைந்தபாடில்லை. மார்கழிக் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார் மேல் வைக்கப்படும் பரங்கிப் பூவினால் உழவருக்கு இழப்பு இல்லை. இக்கொடியில் ஆண்பூக்களே முதலில், மிகுதியாகப் பூக்கின்றன. அவற்றுள் சிலவற்றை வண்டுகளின் மகரந்தச் சேர்க்கைக்கென விட்டு, எஞ்சியவற்றைக் கொய்யலாம். பூவின் அடியில் சிறு பிஞ்சு தெரிந்தால் அது பெண்பூ; அதைத் தொடலாகாது.

மேனாடுகளில் அலங்காரப் பூசணி தனியொரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்காவில் அக்டோபர் 31-ஆம் நாள் கொண்டாடப்படும் ஹாலோவீன் விழாவுக்காகக் குடைந்து விளக்கு வைக்கப்படும் பெரிய காய்கள் உணவுக்கான இனத்திலிருந்து வேறானவை. அந்நாட்டில் டப்பாவில் அடைத்து விற்கப்படும் பூசணிக் கூழ் பெரும்பாலும் நம் அரசாணியின் இனத்திலிருந்தே செய்யப்படுகிறது. வண்ண வண்ணமாய், கையடக்கமாய் விற்கப்படும் அலங்காரச் சுரைகள் பலவும் கடுங்கசப்பு உடையவை. அவற்றை உண்ணக் கூடாது.

நம் நாட்டில் அழகுக்கும் இசைக்கும் பயன்படுவது முற்றி உலர்ந்த சுரை. மகாராஷ்டிரத்தில் பண்டரிபுரம் சுற்றுவட்டாரத்தில் விளையும் பெருஞ்சுரைகள் மிரஜ் நகரில் சிதாராகவும் தம்பூராவாகவும் உருப்பெறுகின்றன. 2024-இல் அவற்றுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தஞ்சாவூர் வீணையின் மேற்புறக் குடுக்கையும் மரபாகச் சுரையே. பஸ்தர் பகுதிப் பழங்குடியினர் சுரையில் துளையிட்டு விளக்குகள் செய்கின்றனர். உலர்ந்த சுரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் காய். இவ்வட்டாரத்தில் அதை இவ்வகையில் பயன்படுத்தும் தொழில் இல்லை. நீர்க்குடுக்கையும் நீச்சல் பழகும் குடுக்கையும் நெகிழிக்கு இடம் கொடுத்துவிட்டன.

விதை

இப்பயிர்களுள் பெரும்பாலானவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே ஒரே கொடியில் பூக்கின்றன. அரசாணிப் பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வந்தால்தான் காய். காலையில் பூச்சிமருந்து தெளிப்பவர் தம் விளைச்சலையே குறைத்துக்கொள்கிறார். தெளித்தே தீர வேண்டுமெனில் மாலையில் செய்தல் நலம். பெண்பூக்களின் எண்ணிக்கையைக் கூட்ட, 10 லிட்டர் நீருக்கு 2.5 மில்லி எத்ரெல் கலந்து, விதைத்த 15-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறையாக நான்கு முறை தெளிக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

தேனீயின் உழைப்பே விதையின் தூய்மைக்குச் சோதனையும் ஆகிறது. ஒரே இனத்தின் இரு இரகங்கள் அருகருகே இருந்தால் கலப்பு உறுதி. சான்று விதைக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் இடைவெளி தேவைப்படும். இரண்டு ஏக்கர் நிலமுள்ளவரால் தனியே இதைக் கடைப்பிடிக்க இயலாது. ஒரு பகுதியின் உழவர் அனைவரும் ஒரே இரகத்துக்கு உடன்பட்டாலன்றி வீட்டு விதை தரம் குன்றும். ஒட்டு விதையாயின் ஒவ்வொரு பருவமும் விலைக்கு வாங்கியாக வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே, இரகத்தைத் தூய்மையாகப் பெருக்கித் தரும் பொதுத் துறைப் பண்ணையின் பணி எத்துணை இன்றியமையாதது என்பது வெளிப்படை.

சுரையில் இது உயிர் காக்கும் செய்தியும் ஆகும். கசப்பான சுரைக்காயின் சாறு கடும் வாந்தியையும் இரத்தப்போக்கையும் விளைவிக்கக்கூடும். கசந்தால் அதைச் சிறிதும் அருந்தலாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை 2012-இல் எச்சரித்தது.

காத்திருப்பின் கணக்கு

கேரளத்தில் வேளாண் விளைபொருள் அங்காடிக் குழுச் சட்டம் இயற்றப்படவில்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது, ஐரோப்பியச் சமூகத்தின் உதவியுடன் 1993-இல் தொடங்கப்பட்ட தோட்டக்கலை மேம்பாட்டுத் திட்டமும், அதன் வழி 2001-இல் உருவான காய்கனி வளர்ச்சிக் கழகமும் ஆகும். உழவர் குழுக்கள் தம் விளைபொருளை ஓரிடத்தில் சேர்த்து விற்கும் முறையை அவை பரப்பின. எனினும் எல்லைப்புறக் காய்களில் பெரும்பங்கு இன்றும் வேலந்தாவளம் போன்ற தனியார் மண்டிகள் உள்ள சந்தைகள் வழியே செல்கிறது.

எடுத்துக்காட்டாக, ஓர் உழவரிடம் 10 டன் அரசாணி இருப்பதாகவும், அறுவடை நாளில் விலை கிலோ 8 ரூபாய் எனவும் கொள்வோம். அன்றே விற்றால் ரூ.80,000. இரண்டு மாதம் வைத்திருந்தால் எடைக் குறைவும் அழுகலும் சேர்ந்து 10 சதவிகிதம் போக 9 டன் மிஞ்சும். கொட்டகைக்கும் கூலிக்கும் ரூ.4,000, முடங்கிய பணத்துக்கு மாதம் 2 சதவிகித வட்டி ரூ.3,200. ஆக, அவர் நட்டமின்றி மீள விலை கிலோ 9 ரூபாய் 70 காசை எட்ட வேண்டும். 11 ரூபாய் கிடைத்தால் ஆதாயம் ரூ.11,800, விலை 8 ரூபாயிலேயே நின்றுவிட்டால் இழப்பு ரூ.15,200. வட்டியும் அழுகலும் குறைந்தால் இக்கணக்கு உழவர் பக்கம் சாயும், இவ்விரண்டுமே திருத்தக்கூடியவை.

அழுகலைக் குறைக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. தோல் கெட்டியாகி, கொடி காய்ந்த பின் பறித்தல். காம்பை நான்கைந்து சென்டிமீட்டர் விட்டு அறுத்தல். காம்பைப் பிடித்துத் தூக்காதிருத்தல். சில நாள் நிழலில் பதப்படுத்தல். ஓலைக் கொட்டகையில் மூங்கில் பரண்மீது ஒற்றை அடுக்காக வைத்தல். வாரம் ஒருமுறை பார்த்துக் கெட்டதை அகற்றல். பழ ஈ குத்திய காயைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட வேண்டும். காம்பு முறிந்த இடமே அழுகலின் வாயில். ஆயினும் வண்டியில் நெருக்கமாக அடுக்குவதற்காகக் காம்பை ஒடித்துவிடும் வழக்கம் சந்தைகளில் உண்டு.

வட்டியைக் குறைப்பது கடினம். விதைக்கும் உரத்துக்கும் மண்டியிலிருந்து முன்பணம் பெற்றவர், அறுவடையானதும் காயை அதே மண்டிக்குக் கொடுத்தாக வேண்டும். காய் காத்திருக்கும், கடன் காத்திராது. தானியத்துக்குக் கிடங்கு ரசீதின்மேல் கடன் பெறும் ஏற்பாடு நம் நாட்டில் வேரூன்றியுள்ளது. ஓலைக் கொட்டகையில் இருக்கும் அரசாணிக்கு அத்தகைய ரசீதை யார் தருவார்? உழவர் குழுவின் பொதுக் கொட்டகையும் கூட்டுறவு வங்கியின் இரண்டு மாதக் கடனும் இணைந்தால் அது இயலாததன்று.

2020 நவம்பர் முதல் நாள் கேரள அரசு 16 காய்கனிகளுக்கு அடிப்படை விலையை நடைமுறைப்படுத்தியது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவிகிதம் சேர்த்து அவ்விலைகள் கணக்கிடப்பட்டன. கும்பளத்துக்குக் கிலோ 9 ரூபாய், வெள்ளரிக்கு 8 ரூபாய், புடலைக்கு 16 ரூபாய், பாகலுக்கு 30 ரூபாய். காத்திராத காய்களுக்கு இக்காப்பு பொருத்தமானதே. அப்பட்டியலில் மத்தன் இடம்பெறவில்லை. அதற்கு ஆதார விலை தேவையில்லை, அது காத்திருக்கும் என்று வாதிடலாம். அவ்வாதம் கொட்டகையும் கடன் வசதியும் உள்ளவருக்கே பொருந்தும். எருத்தேன்பதியில் வரப்போரத்தில் குவிந்து கிடக்கும் அரசாணிக்கு மேல் கூரை இல்லை. அடுத்த பருவத்துக்கு அந்நிலம் உழப்பட்டாக வேண்டியிருப்பதால், வண்டி வந்த நாளின் விலையே அதன் விலையாகிறது.